ஆர்டி-பிசிஆரா, ட்ரூநாட்டா, கார்டா: ஒரு மாவட்ட ஆய்வகம் எதை நம்பி இருப்பது?

கொள்முதல் கூட்டம் ஒன்றில் என்னிடம் நேராகவே கேட்டார்கள். “கொரோனா மாதிரி இன்னொன்று வந்தால் உங்கள் லேபுக்கு என்ன வேண்டும்? ஒன்றே ஒன்று சொல்லுங்கள் மேடம்.” ஒன்றே ஒன்று என்றால் சொல்ல முடியாது என்றேன். சிரித்துவிட்டு அடுத்த துறைக்குப் போய்விட்டார்கள். எலும்பு முறிவுப் பிரிவுக்கு அன்று ஒரு இயந்திரம் ஒப்புதலானது. நுண்ணுயிரியல் துறைக்கு ஒன்றும் இல்லை. தப்பு என்மேல்தான். கூட்டத்தில் ஒருவருக்குக் கிடைப்பது ஐந்து நிமிடம். என்னிடம் இருந்ததோ அரைமணி நேரப் பதில். அதை இங்கே நிதானமாகச் சொல்லிப் பார்க்கிறேன்.

நான் மனதில் வைத்திருப்பது ஒரு மாவட்டத் தலைமை மருத்துவமனையின் ஆய்வகம். சென்னையின் பெரிய ஆய்வகங்களைப் போல வசதி இல்லை, ஆனால் ஆரம்ப சுகாதார நிலையத்தைவிடப் பெரியது. இப்படி ஓர் இடத்துக்கு நான்கு வழிகள் உண்டு: வைரஸின் மரபணுவைப் பெருக்கிப் பார்க்கும் ஆர்டி-பிசிஆரைச் சொந்தமாக நடத்துவது, அதே வகை டெஸ்டை ஒருவர் இருவருக்குத் தானாக ஓட்டும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் போன்ற சிறு கருவிகளை வைத்துக்கொள்வது, வைரஸின் புரதம் இருந்தால் கோடு காட்டும் ஆன்டிஜன் கார்டை நம்புவது, எதுவும் வேண்டாம் என்று சாம்பிளைப் பெரிய மையத்துக்கு அனுப்பிவிடுவது.

ஐந்தாவதாக ஒன்றும் இருந்தது. 2020 ஏப்ரலில் சீனாவிலிருந்து வந்த ரேபிட் ஆன்டிபாடி கிட். ராஜஸ்தான் முதலில் குறை சொன்னது, இரண்டு நாள் நிறுத்தி வையுங்கள் என்றது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர், 27ஆம் தேதி திருப்பி அனுப்பச் சொல்லிவிட்டது. கிட் தரமாகவே இருந்திருந்தாலும் புதிதாக நோய் வந்தவரைக் கண்டுபிடிக்க அது உதவியிருக்காது. உடலில் எதிர்ப்புப் பொருள் உருவாகவே ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும். எனவே அதைக் கணக்கில் சேர்க்கவில்லை.

ஆர்டி-பிசிஆர்: ஷேர் ஆட்டோ மாதிரி

மூக்கிலும் தொண்டையிலும் எடுத்த ஸ்வாப், வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் கொண்ட விடிஎம் குழாயில் ஐஸ் பெட்டிக்குள் வரும். கிருமி வெளியே பரவாத பாதுகாப்புக் கேபினெட்டுக்குள் வைத்து மூடியைத் திறக்க வேண்டும். வைரஸின் மரபணுப் பொருளான ஆர்என்ஏவைப் பிரித்தெடுக்க வேண்டும். வேறொரு அறையில் கலந்து வைத்த வேதிக் கலவையான மாஸ்டர் மிக்ஸுடன் சேர்த்து 96 குழித் தட்டில் ஏற்ற வேண்டும். பிறகு இயந்திரத்தில் 40 சுழற்சி, ஒவ்வொன்றிலும் மரபணு இரட்டிப்பாகும். இயந்திரம் ஓடுவது ஒன்றரை, இரண்டு மணி நேரம்தான். ஆனால் முதல் குழாயைத் திறந்ததிலிருந்து கடைசி ரிசல்ட்டைப் பதிவேற்றும் வரை ஐந்தாறு மணி நேரம் ஓடிவிடும்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புரியாத தாமதம் இன்னொன்று. தட்டில் 96 குழி, அதில் டெஸ்ட் சரியாக ஓடியதா என்று காட்டும் கண்ட்ரோலுக்கு இரண்டு மூன்று போக மீதி 93 பேருக்கு. பன்னிரண்டு சாம்பிள் வந்தாலும் அதே நேரம், அதே உழைப்பு, அதே கண்ட்ரோல்கள். அதனால் ஆள் நிரம்பும்வரை கிளம்பாத ஷேர் ஆட்டோ மாதிரி, தட்டு நிரம்பும்வரை காத்திருப்போம். காலை எட்டு மணிக்கு வந்த முதல் சாம்பிள் மாலை நான்கு மணிக்கு வரும் கடைசிச் சாம்பிளுக்காகக் குளிர்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். “ஆறு மணி நேர டெஸ்ட்” என்று நாங்கள் சொன்னதை ஜனங்கள் நம்பாமல் போனதற்கு இதுதான் காரணம்.

அப்புறம் அந்த நெகட்டிவ் கண்ட்ரோல். அதில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். வைரஸ் இருந்தால்தான் கோடு எழும் என்பதால், கடைசிவரை திரையில் இதன் கோடு தரையோடு படுத்திருக்க வேண்டும். இரவு பதினொன்றரைக்கு, 36ஆவது சுழற்சியில், அந்தக் கோடு மெல்லத் தலை தூக்குவதைப் பார்த்திருக்கிறேன். எங்கேயோ ஒரு துளி தெறித்திருக்கிறது. பிப்பெட்டோ, கையுறையோ, மிக்ஸ் கலந்த அறையோ. தட்டில் இருக்கும் 93 பேரில் ஒருவருக்குக்கூட ரிசல்ட் தர முடியாது. பக்கத்தில் இருந்த டெக்னீஷியன் ஒரு வார்த்தை பேசவில்லை. போய்ப் புதிய கையுறை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தார். மறுநாள் காலை வார்டிலிருந்து “இன்னுமா வரவில்லை?” என்று போன் வந்தபோது, “ரிப்பீட் போட்டிருக்கிறோம்” என்ற இரண்டு சொல்லுக்குள் அந்த இரவு முழுவதும் அடங்கிவிட்டது.

இவ்வளவு பாடு படுத்துவதை ஏன் வைத்துக்கொள்ள வேண்டும்? முதல் காரணம், அது திறந்த அமைப்பு. ஒரு நிறுவனத்தின் கிட் தீர்ந்தால் இன்னொன்றைப் போடலாம். 2020இல் பிரித்தெடுக்கும் கிட்டுக்கு உலகமே திண்டாடிய மாதங்களில், ஐசிஎம்ஆர் சரிபார்த்து ஒப்புக்கொண்ட வேறு கிட்டுக்கு மாறிக்கொள்ள முடிந்தது. புதுக் கிருமி ஒன்று வந்தால் அதன் மரபணுவைத் தேடிப் பிடிக்கும் பிரைமர் வந்த அன்றே ஓட்டலாம். 2020 ஜனவரி பாதியிலேயே பெர்லின் சாரிடே மருத்துவமனைக் குழு தன் செய்முறையை உலகத்துக்குக் கொடுத்துவிட்டது. அதை எடுத்து ஓட்டத் தேவைப்பட்டதெல்லாம் ஒரு பிசிஆர் இயந்திரமும் கைப்பழக்கம் உள்ள ஆளும்தான். பெருந்தொற்று ஓய்ந்த பிறகும் அந்த இயந்திரம் சும்மா இருக்காது. டெங்கு, பன்றிக்காய்ச்சல், எலிக்காய்ச்சல் என்று அதற்கு வருடம் முழுக்க வேலை உண்டு.

இன்னொரு லாபம், வைரஸ் இருக்கிறதா என்பதோடு எவ்வளவு இருக்கிறது என்பதும் தெரியும். எத்தனையாவது சுழற்சியில் கோடு எழுகிறதோ அந்த எண்தான் சிடி; எண் குறைந்தால் வைரஸ் அதிகம். சிடி 18இல் எழுந்த கோட்டுக்கும் 34இல் எழுந்த கோட்டுக்கும் வித்தியாசம் 16 சுழற்சி. ஒவ்வொரு சுழற்சியும் இரட்டிப்பு என்பதால் கணக்குப்படி 65,536 மடங்கு. ஆனால் இதைப் பிடித்துக்கொண்டு “சிடி 20க்குக் கீழே, ஆபத்து” என்று வாட்ஸ்அப்பில் பயமுறுத்தியதெல்லாம் தவறு. ஸ்வாப் எடுத்தவர் மூக்கின் வாசலிலேயே துடைத்துவிட்டு வந்தால் சிடி ஏறத்தான் செய்யும். சிடி எங்களுக்கு உதவியது வேறு இடத்தில்: வைரஸின் மரபணுவை முழுவதும் படித்துப் பார்க்கும் மரபணு வரிசைக்கு எந்தச் சாம்பிளை அனுப்பலாம் என்று தேர்ந்தெடுக்க. 2021 டிசம்பரில் ஒமைக்ரானைத் தேடியபோது, டெஸ்ட் தேடும் மூன்று மரபணுவில் எஸ் மட்டும் காணாமல் போகும் சாம்பிள்களைத் தனியே எடுத்து வைத்தோம். “எஸ் ஜீன் டிராப்” என்ற சொல் அப்போது செய்தித்தாள்வரை போனது. ஆன்டிஜன் கார்டு இந்த வேலையைச் செய்யாது.

ட்ரூநாட், சிபிநாட்: அவசரத்துக்கு

இரவு இரண்டு மணி. மகப்பேறு வார்டிலிருந்து போன். “மேடம், சிசேரியனுக்கு எடுக்கணும். ரிசல்ட் எப்ப வரும்?” ஆர்டி-பிசிஆர் மட்டும் இருந்த நாட்களில் இதற்கு என்னிடம் நாணயமான பதில் இல்லை. “காலையில் பார்க்கிறேன்” என்பேன். அவர்கள் எல்லாரும் கவச உடையை மாட்டிக்கொண்டு அறுவை அரங்குக்குள் போவார்கள். ட்ரூநாட் வந்த பிறகுதான் “ஒரு மணி நேரம்” என்று பொய்யில்லாமல் சொல்ல முடிந்தது.

கோவாவில் மோல்பயோ நிறுவனம் தயாரிப்பது இது. காசநோய்க்காக வந்த கருவி. பேட்டரியில் ஓடும், மேசை மூலையில் அடங்கும். ஸ்வாப் போடும் குழாயிலேயே வைரஸைச் செயலிழக்கச் செய்யும் திரவம் இருப்பதால், பெரிய ஆய்வகத்துக்கு உண்டான கேபினெட் ஏற்பாடுகள் இல்லாத தாலுகா மருத்துவமனையிலும் வைக்கலாம். ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. சாம்பிளை ஏற்றும் முதல் சிப் பாசிட்டிவ் காட்டினால் உறுதிப்படுத்த இரண்டாவது சிப் போட வேண்டும், அதற்கு இன்னொரு மணி நேரம். நெகட்டிவ் ஆனவருக்குச் சீக்கிரம் கிடைக்கும். பாசிட்டிவ் ஆனவர்தான் அதிகம் காத்திருந்தார்.

சிபிநாட் கருவியும் காசநோய்த் திட்டத்தில் பல வருடமாக இருப்பதுதான். சாம்பிள் விட்ட கார்ட்ரிட்ஜைப் போட்டுக் கதவை மூடினால் முக்கால் மணி நேரத்தில் பதில். தட்டு நிரம்பக் காத்திருக்க வேண்டாம். ஒருவர் வந்தால் ஒருவருக்கே ஓட்டலாம். ஆனால் நான்கு அறைக் கருவியில் ஒரு நேரத்தில் நான்கு பேர்தான். எட்டு மணி நேர ஷிப்டில் முப்பதைத் தாண்டினால் பெரிய விஷயம். காய்ச்சல் முகாமிலிருந்து ஒரே நாளில் 400 குழாய் வந்து இறங்கும்போது இதை நம்பி உட்கார முடியாது. தவிர, அதன் கார்ட்ரிட்ஜ் மட்டுமே அதற்குள் போகும். 2020இல் அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டியிருந்தது. எல்லா நாடும் கை நீட்டிக்கொண்டிருக்கும் வருடத்தில் நமக்கு எப்போது வரும் என்று யார் சொல்ல முடியும்?

இதில் என்னை உறுத்தும் விஷயம் ஒன்று. இந்தக் கருவிகள் காசநோயாளிகளுக்காக வாங்கியவை. கொரோனாவுக்கு எடுத்தபோது அவர்கள் வரிசை பின்னுக்குப் போனது. இந்தியாவில் 2019இல் பதிவான காசநோயாளிகள் 24 லட்சம். 2020இல் 18 லட்சம். ஆறு லட்சம் பேருக்கு நோய் குணமாகிவிடவில்லை, அவர்கள் நம் கணக்கில் வரவில்லை. ஊரடங்கில் பஸ் ஓடவில்லை, இருமினாலே பயந்து வீட்டில் அடைந்துகொண்டார்கள், இதெல்லாம் பெரிய காரணம். ஆனால் சளி டப்பாவைக் கொண்டுவந்தவரிடம் “மெஷின் கோவிட்டில் இருக்கிறது, நாளைக்கு வாங்க” என்று சொன்ன ஆய்வகங்களும் இருந்தன. நாங்களும் சொல்லியிருக்கிறோம். அவர் நாளைக்கு வந்தாரா என்று யாரும் குறித்து வைக்கவில்லை.

கார்டு: எல்லாரும் திட்டும் டெஸ்ட்

ஐசிஎம்ஆர் 2020 ஜூன் 14 அன்று எஸ்டி பயோசென்சர் நிறுவனத்தின் ஆன்டிஜன் கார்டை அனுமதித்தபோது விலை 450 ரூபாய். தனியார் ஆய்வகத்தில் ஆர்டி-பிசிஆருக்கு அந்த மார்ச்சில் வைத்த உச்ச விலை 4,500. பத்தில் ஒரு பங்கு விலை, 15 முதல் 30 நிமிடத்தில் பதில், இயந்திரம் வேண்டாம். டெல்லி உடனே பிடித்துக்கொண்டது. பிகாரும் அந்த வழியில் போனது. தமிழ்நாடு வேண்டாம் என்று ஒதுக்கி, ஏறக்குறைய முழுவதும் ஆர்டி-பிசிஆரிலேயே நின்றது.

யார் சரி? அனுமதித்தபோதே ஐசிஎம்ஆர் சொன்ன எண்கள் இவை: நோய் இருப்பவரில் 50.6 முதல் 84 சதவீதம் பேரைத்தான் கார்டு பிடிக்கும். நோய் இல்லாதவரை இல்லை என்று சொல்வதில் 99.3 முதல் 100 சதவீதம் சரி. இதை ஒரு காய்ச்சல் முகாமில் வைத்துப் பாருங்கள். காய்ச்சலோடு 100 பேர் வருகிறார்கள், அதில் 20 பேருக்கு உண்மையில் தொற்று. நல்ல நாளாக இருந்தால் கார்டு 17 பேரைப் பிடிக்கும், மோசமான நாளில் 10. அந்த மோசமான நாளில் “நெகட்டிவ்” சீட்டோடு 90 பேர் வீட்டுக்குப் போவார்கள். அவர்களில் 10 பேர், அதாவது ஒன்பதில் ஒருவர், வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவார்.

அறிகுறி இருந்து கார்டில் நெகட்டிவ் வந்தால் கட்டாயம் ஆர்டி-பிசிஆர் பார்க்க வேண்டும் என்பது முதல் நாளிலிருந்தே விதி. விதி காகிதத்தில் இருந்தது. 2020 செப்டம்பரில் மத்திய சுகாதாரத் துறை அதை மாநிலங்களுக்கு மறுபடி எழுதி ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது என்றால், நடைமுறை எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளலாம். இரண்டாவது ஸ்வாப்புக்கு ஆளைப் பிடிக்க முடியாது சார். சீட்டை வாங்கிக்கொண்டு போயிருப்பார், போனை எடுக்க மாட்டார்.

நோய் அரிதாக இருக்கும் இடத்தில் கார்டு எதிர்ப்பக்கமாக ஏமாற்றும். நூற்றில் ஒருவருக்குத்தான் தொற்று என்ற ஊரில் அறிகுறி இல்லாத 1,000 பேருக்குப் போடுங்கள். உண்மையான 10 பேரில் 5 முதல் 8 பேரைப் பிடிக்கும். மீதி 990 பேரில் 7 பேருக்குத் தவறாகப் பாசிட்டிவ் சொல்லும் வாய்ப்பும் உண்டு. கையில் இருக்கும் பாசிட்டிவ்களில் ஏறக்குறைய பாதி பொய்.

அப்படியென்றால் தமிழ்நாடு செய்தது சரிதானே? 2020இல் சரி என்றுதான் சொல்வேன். அரசு மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் பிசிஆர் கொண்டுவர முடிந்த மாநிலத்துக்கு, பாதியைத் தவறவிடக்கூடிய கார்டில் ஆரம்பிக்க அவசியம் இல்லை. ஆனால் 2021 மே மாதத்தையும் அதே வாயால் நியாயப்படுத்த மாட்டேன். வாசலில் மூச்சுத் திணறலோடு ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன; உள்ளே எங்களிடம் இரண்டு நாள் பழைய குழாய்கள் தேங்கிக் கிடக்கின்றன; டெக்னீஷியன்களிலேயே சிலர் பாசிட்டிவ் ஆகி வீட்டில். வந்தவர்களில் அத்தனை பேருக்குத் தொற்று இருந்த அந்த நேரத்தில், கார்டில் இரண்டு கோடு தெரிந்தால் அதை நம்பி வார்டுக்குள் விட்டிருக்கலாம். 84ஆ, 50ஆ என்ற வாதம் நெகட்டிவ்களைப் பற்றியதுதான். பாசிட்டிவைச் சந்தேகிக்க அன்று ஒரு காரணமும் இல்லை. ஐசிஎம்ஆரும் மே 4 அன்று அதைத்தான் சொன்னது: கார்டைப் பரவலாக்குங்கள், ஒருமுறை பாசிட்டிவ் ஆனவருக்கு மறுபடி ஆர்டி-பிசிஆர் பார்க்காதீர்கள், குணமாகி வீட்டுக்குப் போகிறவருக்கு டெஸ்டே வேண்டாம். அந்தக் கடைசி வரி முதலிலிருந்தே எல்லாருக்கும் இருந்திருந்தால் எங்கள் தட்டில் எத்தனை குழி மிச்சமாகியிருக்கும்! செத்த வைரஸின் துண்டுகூட வாரக்கணக்கில் பிசிஆரில் பாசிட்டிவ் காட்டும். குணமானவரை வீட்டுக்கு விடாமல் நாங்களே பிடித்து வைத்திருந்தோம்.

ஐந்து பேருக்கு ஒரு குழி

இதற்கு நடுவில் பூலிங் என்று ஒரு யோசனை வரும். ஐந்து பேர் சாம்பிளை ஒன்றாகக் கலந்து ஒரே குழியில் ஓட்டுவது. நெகட்டிவ் என்றால் ஐவரும் நெகட்டிவ், பாசிட்டிவ் என்றால் ஐவருக்கும் தனித்தனியே. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மேகநோய் (சிபிலிஸ்) பார்க்க டார்ஃப்மன் என்பவர் 1943இல் போட்டுக் கொடுத்த கணக்கு இது. 2020 ஏப்ரலில் ஐசிஎம்ஆரும் அனுமதித்தது, ஆனால் முக்கியமாகப் பாசிட்டிவ் 2 சதவீதத்துக்குக் கீழே இருக்கும் பகுதிகளுக்கு.

ஏன் இந்த 2 சதவீதம்? 2 சதவீதத்தில் 100 பேரை 30 டெஸ்டில் முடித்துவிடலாம். 20 சதவீதமானால் அதே 100 பேருக்கு 87 டெஸ்ட் தேவை. 30 சதவீதத்தைத் தொட்டால் 100ஐத் தாண்டிவிடும். கலந்த வேலையும் வீண். கலப்பதால் வைரஸ் ஐந்தில் ஒரு பங்காக நீர்த்து, சிடி இரண்டுக்கு மேல் தள்ளிப் போவதும் உண்டு. அலை எழும்பும் முன்பும் வடிந்த பின்பும் பூலிங் நல்ல வழி. உச்சத்தில் எந்த அதிகாரி “கலந்து ஓட்டுங்கள், சீக்கிரம் முடியும்” என்று சொன்னாலும் இந்தக் கணக்கைக் காட்டலாம்.

அனுப்பிவிடலாமே?

கொள்முதல் கூட்டத்தில் நிதிப் பக்கத்திலிருந்து வருகிற யோசனை எப்போதும் இதுதான். ஒரே இடத்தில் பெரிய ஆய்வகம், ரோபோ கைகள், நாளுக்குப் பல்லாயிரம் டெஸ்ட். மாவட்டத்தில் ஐஸ் பெட்டியும் ஒரு வண்டியும் போதும்.

ஒரே மையத்தை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். 2020 பிப்ரவரி தொடக்கத்தில் அங்கே நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தயாரித்து அனுப்பிய கிட் மட்டும்தான் வழி. மாநில ஆய்வகங்கள் பிரித்து ஓட்டிப் பார்த்தால் நெகட்டிவ் கண்ட்ரோலிலேயே கோடு எழுகிறது, அதுவும் என்3 என்ற ஒரு பகுதியில். என் தட்டில் ஒரு இரவு நடந்தது அங்கே ஒரு தேசத்துக்கு நடந்தது. நான் புதிய மிக்ஸ் கலந்து மறுநாள் ரிசல்ட் கொடுத்துவிட்டேன். அவர்களுக்கு வாரக்கணக்கில் ஆனது, அதற்குள் வைரஸ் ஊருக்குள் பரவிவிட்டது. அதே பிப்ரவரி 4ஆம் தேதி தென்கொரியா, ஜனவரி கடைசியில் அழைத்துப் பேசியிருந்த தனியார் கம்பெனிகளில் ஒன்றின் கிட்டுக்கு அவசர அனுமதி கொடுத்துவிட்டது. இந்தியாவும் இந்த விஷயத்தில் தப்பித்தது. ஜனவரியில் புனே தேசிய வைராலஜி நிறுவனம் ஒன்றே இருந்தது. ஜூன் 24ஆம் தேதிக்குள் நாடெங்கும் ஆயிரம் ஆய்வகங்கள். கிண்டியில் 1899இலிருந்து இருக்கிற கிங் நிறுவனம் மட்டுமே தமிழ்நாட்டின் அத்தனை குழாயையும் பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தாலே கை நடுங்குகிறது.

பிரிட்டன் இன்னொரு பாடம். அங்கே மருத்துவமனை ஆய்வகங்களைப் பெருக்காமல் லைட்ஹவுஸ் என்ற பெயரில் பெரிய மையங்களைப் புதிதாகக் கட்டினார்கள். வேகமும் எண்ணிக்கையும் கிடைத்தன. பிறகு 2021 அக்டோபரில் உல்வர்ஹாம்ப்டனில் ஒரு தனியார் மையம் கிட்டத்தட்ட 43,000 பேருக்குத் தவறாக நெகட்டிவ் கொடுத்திருக்கலாம் என்று தெரியவந்தது. அதைக் காட்டிக் கொடுத்தது, வீட்டில் கார்டில் பாசிட்டிவ் பார்த்தவர்களுக்கெல்லாம் பிசிஆரில் நெகட்டிவ் வந்ததுதான். எல்லாரும் திட்டும் கார்டு, எல்லாரும் மெச்சும் பிசிஆரின் தப்பைப் பிடித்தது. இது எனக்குப் பிடித்த கதை. மாவட்ட ஆய்வகம் என்றால், வார்டு டாக்டர் மூன்றாவது நாளே மாடியேறி வந்து “உங்க ரிசல்ட் ஏதோ சரியில்லை மேடம்” என்று சொல்லியிருப்பார். நோயாளியின் முகம் தெரிந்தவரும் குழாயைப் பிடித்தவரும் ஒரே கட்டடத்தில் இருப்பதன் லாபம் எந்த விலைப்புள்ளியிலும் வராது.

அதே நாட்டில் 2020 செப்டம்பர் கடைசியில் 15,841 பேரின் பாசிட்டிவ் ரிசல்ட் ஒரு வாரம் காணாமல் போனது. ஆய்வகம் சரியாகத்தான் பார்த்திருந்தது. பழைய எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் ஏறாது, மீதி உதிர்ந்துவிட்டது. (மேலே சிடி கணக்கில் வந்த அதே எண்தான், இரண்டின் பதினாறாம் அடுக்கு.) நம் ஊரில் இதே விபத்து வேறு உருவத்தில் நடக்கும். குழாய்மேல் பேனாவால் எழுதிய எஸ்ஆர்எஃப் எண் (சாம்பிள் படிவத்தின் எண்), சானிடைசர் பட்டுக் கரைந்திருக்கும். ஒரே பெட்டியில் “செல்வி, 34, பெண்” என்று இரண்டு குழாய். எந்தச் செல்வி எந்தத் தெரு? ஒரு சாயங்காலம் முழுவதும் போன் போட்டு, இருவரையும் மறுபடி வரவழைத்து, மறுபடி ஸ்வாப் எடுத்தோம். இருவரில் ஒருவருக்குப் பாசிட்டிவ். அவர் அந்த இரண்டு நாளும் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சரி, என் பதில்

நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, எது துல்லியம் என்று முதலில் கேட்பதை விட்டுவிட்டேன். இந்த ரிசல்ட்டுக்காக யார் காத்திருக்கிறார், வந்ததும் அவர் என்ன செய்யப்போகிறார் என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். அறுவை அரங்குக்கும் அவசரப் பிரிவுக்கும் பிரசவ வார்டுக்கும் ட்ரூநாட் வேண்டும், காசநோய்க் கருவியைத் தொடாமல், தனியாக. காய்ச்சல் முகாமுக்கும் தொடர்பில் இருந்தவர்களுக்கும் ஆர்டி-பிசிஆர், அது மாவட்டத்துக்குள்ளேயே. அலை உச்சத்தில், வாசலில் மூச்சு வாங்கி நிற்பவருக்குக் கார்டு. பாசிட்டிவ் என்றால் உள்ளே, நெகட்டிவ் என்றால் அந்த நிமிடமே, ஆளை அனுப்பாமல், இரண்டாவது ஸ்வாப். பெரிய மையத்துக்கு அனுப்புவது மரபணு வரிசைக்கு மட்டும். சென்னையில் மாநிலத்துக்கென்று 2021 செப்டம்பரில் அந்த ஆய்வகம் வந்துவிட்டது.

இந்த நான்கில் எதிலும் வராத ஒன்றையும் சொல்ல வேண்டும். 2021 மே கடைசியில், கன்னம் வீங்கி ஒரு கண் மூடிப்போன ஒரு நோயாளியின் மூக்கிலிருந்து எடுத்த கறுத்த துணுக்கு எங்கள் மேசைக்கு வந்தது. கண்ணாடித் தகட்டில் வைத்து ஒரு துளி பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு, மேலே மெல்லிய கண்ணாடியை மூடி, சற்று நேரம் கரைய விட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். அகலமான ரிப்பன் மாதிரி இழைகள், இடையில் தடுப்பே இல்லை, செங்கோணத்தில் கிளை பிரிகிறது. கறுப்புப் பூஞ்சை. போனில் காது மூக்கு தொண்டை மருத்துவருக்குச் சொல்லி முடிக்கும்போது சாம்பிள் வந்து அரைமணி நேரம்கூட ஆகியிருக்கவில்லை. ஆம்போடெரிசின் ஊசிக்கு அலைய ஆரம்பித்தார்கள். அந்த டெஸ்டுக்கு ஆன செலவு சில ரூபாய். ஆனால் அதைப் பார்க்கத் தெரிந்த ஆட்கள் அந்த மாதம் முழுவதும் பிசிஆர் அறைக்குள் இருந்தார்கள். நான் அன்று மேசையில் இருந்தது தற்செயல். அதனால் இயந்திரத்தோடு ஆளும் கேட்கிறேன்: பெருந்தொற்றானாலும் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் மேசையையும் மைக்ராஸ்கோப்பையும் விட்டு நகராத இரண்டு பேர்.

இந்த வருட இண்டென்டில் (தேவைப் பட்டியலில்) எல்லாவற்றையும் வரிசையாக எழுதிக் கொடுத்தேன். ட்ரூநாட் இரண்டு, ஆன்டிஜன் கார்டுக்கு அவசர ஒப்பந்தம், மைனஸ் 70 டிகிரி ஃப்ரீசர் ஒன்று, டெக்னீஷியன் பணியிடம் இரண்டு, குழாய்க்கு ஒட்டப் பார்கோடு பிரிண்டர் ஒன்று. போன வாரம் பிரிண்டர் மட்டும் ஒப்புதலாகி வந்திருக்கிறது. ரிப்பனையும் லேபிள் ரோலையும் நாங்களே வாங்கிக்கொள்ள வேண்டுமாம்.